மாசி முதல் சித்திரை வரை: ராமநாதபுரம் கடலோர வீட்டைச் சுற்றிப் பூப்பவையும் பறப்பவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடை தூரத்தில் இருக்கிறது. சுற்றிலும் இருபதுக்கு மேற்பட்ட பனைகள், ஒரு வேம்பு, இரண்டு பூவரசு, காவோலை அடைத்த வேலி, வேலிக்கு வெளியே உடைமரங்கள். மாசி பிறந்தால் சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். பக்கத்து மனைகளில் புதிதாக வீடு கட்டுபவர்கள் வந்து திண்ணையில் உட்கார்வார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ராமநாதபுரத்தில் வசந்த காலமா? இது தண்ணீர் இல்லாத காடுதானே?

இந்தப் பெயரின் மேல் எனக்குக் கோபம் உண்டு. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் சொன்னதை நாமும் நம்பிவிட்டோம். நம்பியதால், இருப்பதையும் குப்பை என்று வாரிக் கொளுத்துகிறோம்.

நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த ஈரத்தைக் குடித்துத் தரையில் செடி கொடிகள் தழைத்து, தை, மாசியில் பூத்து, பங்குனி நடுவில் காய்ந்து விதை சிந்திவிடும். அவை ஓயும் நேரத்தில் மரங்கள் தொடங்கும். வேம்பும் புங்கையும் பங்குனியில் பூக்கும். கொன்றை சித்திரையில் மஞ்சள் சரங்களை இறக்கும். மேல்மண் காய்ந்த பிறகும் இந்த மரங்களின் வேர் ஆழத்து ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் கொளுத்தும் வெயிலில் அவற்றால் பூக்க முடிகிறது. ஆக நமக்கு இரண்டு வசந்தம்: தரையில் ஒன்று, கிளையில் ஒன்று. பஞ்சாங்கம் இளவேனில் என்று சொல்லும் சித்திரை, வைகாசியில் மட்டும் தேடுபவர்கள் முதலாவதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

ஒரு நாளில் எப்போது வெளியே போய்ப் பார்ப்பது?

விடியலுக்குச் சற்று முன் தொடங்கி எட்டு மணி வரை. பிறகு மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் நிழலில் மூச்சு வாங்கும் காக்கையைத் தவிர அதிகம் தென்படாது.

வீட்டு முற்றத்தில் தானாக முளைப்பதில் எதை விட்டுவைப்பது, எதைப் பிடுங்குவது?

முதலில் விட்டுவைக்க வேண்டியவை. தும்பை: சிறு வெள்ளைப் பூவுக்குள் தேன் இருப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இப்போது பலருக்குத் தெரியவில்லை. எறும்பு, தேனீ, வண்ணத்துப்பூச்சி மூன்றும் விடிகாலையிலேயே தும்பைக்கு வந்துவிடும். சிறுபீளை: பொங்கலுக்கு முந்தின நாள் ஆவாரம்பூவுடனும் வேப்பிலையுடனும் சேர்த்துக் காப்புக் கட்டியபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வெண்பஞ்சுக் கதிர் மாசியில்தான் நன்றாக நிறைந்து நிற்கும். ஆவாரை: எந்த வறட்சியிலும் மஞ்சளாகப் பூக்கும். வேலியோரம் நாலு ஆவாரை இருந்தால் வேறு பூச்செடி வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேலியில் ஏறும் சங்குப்பூவும் கோவைக்கொடியும் தாமாகவே வரும். கோவைப்பழம் பழுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் அதை விடாது.

எருக்கைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் அதிகம். "வீட்டருகே எருக்கு இருந்தால் வீடு பாழாகும்" என்று என் அப்பத்தாவும் சொல்வார். நான் பிடுங்கவில்லை, காரணம் வண்ணத்துப்பூச்சி பற்றிய கேள்வியில் வருகிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையைப் பாதிக்கும். ஆகவே சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி, வேலிக்கு வெளியே இருக்கட்டும். ஊமத்தைக்கும் அதே கட்டுப்பாடு. அதன் காயும் விதையும் நஞ்சு.

நெருஞ்சி ஒரு தர்மசங்கடம். மஞ்சள் பூ வெயிலைப் பார்த்து விரிந்து தரையெல்லாம் பரவிக் கிடப்பது பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வாரத்தில் அதே இடத்தில் முள். நடக்கும் பாதையிலும் சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் பூவிலேயே பிடுங்கிவிடுகிறேன், ஓரங்களில் விட்டுவிடுகிறேன்.

தயங்காமல் பிடுங்க வேண்டியது சீமைக்கருவேலம். கன்றாக இருக்கும்போது ஆணிவேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் பல கிளைகளாகத் திரும்பி வரும். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கின்றன என்பது உண்மை. அதற்காக வீட்டு முற்றத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் நிழலில் தும்பையும் வராது, சிறுபீளையும் வராது.

குடை விரித்ததுபோல் நிற்கும் முள்மரம் என்ன? அதுவும் சீமைக்கருவேலமா?

இல்லை. அது உடைமரம், குடைவேல் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து உடைமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களை எனக்குத் தெரியும். சீமைக்கருவேலம் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. உடை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் வரை மணற்காட்டில் தட்டையான தலையோடு வரிசையாக நிற்பது இதுதான். ஆடுகள் அதன் காய்களைத் தேடித் தின்னும். பத்து உடைமரம் இருந்தால் அதன் அடியில் ஒரு தனி உலகமே இருக்கும்: கௌதாரி, சிலம்பன், கீச்சான் போன்ற பறவைகள், நிழலுக்கு வந்த கீரி.

பனைகளில் என்னென்ன குடியிருக்கின்றன? தலை போன பனையை வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். இடி விழுந்தோ நோய் வந்தோ தலை போன மொட்டைப்பனைதான் இந்த நிலத்தில் பறவைகளுக்கு மிக வேண்டிய மரம்.

மாசியிலேயே பச்சைக்கிளிகள் மொட்டைப்பனையின் பொந்துகளுக்குச் சண்டை போடத் தொடங்கிவிடும். அடுத்து பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தெரியும் பறவை, இறக்கையை விரித்த நொடியில் நீலமாக மாறும். பங்குனியில் ஆண் பறவை உயரே ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டே குட்டிக்கரணம் போட்டு இறங்கும். துணையைக் கவரும் பறத்தல் அது. முட்டையிடுவது பனையின் உச்சிப் பொந்தில். பக்கவாட்டுப் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கும். அந்தி நேரத்தில் வாசலில் வந்து நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும்.

உயிருள்ள பனையின் கதை வேறு. தொங்கும் காய்ந்த ஓலையின் உட்புறத்தில் பனை உழவாரன் கூடு வைத்திருக்கும். காற்றில் பறந்து வரும் இறகையும் பஞ்சையும் பறந்தபடியே பிடித்து, தன் எச்சிலால் ஓலையில் ஒட்டி ஒரு சிறு கிண்ணம் செய்கிறது. முட்டையும் அதிலேயே ஒட்டியிருக்கும். சோழகக் காற்றில் ஓலை படபடக்கும்போதும் விழுவதில்லை. அந்தப் பறவையின் கால்கள் கிளையில் உட்காரவோ தரையில் நடக்கவோ ஏற்றவை அல்ல. பறத்தலும் ஓலையைத் தொற்றிக்கொள்ளுதலும்தான் அதன் வாழ்க்கை. காவோலைகளை முழுக்கக் கழித்து மரத்தைச் சுத்தமாக்கினால் அதற்கு இந்த உலகத்தில் இடமில்லை. வேலிக்கு ஓலை வேண்டுமென்றால் எல்லாப் பனையிலும் கழிக்காமல், ஆண்டுக்குச் சில பனைகளை மட்டும் முறைவைத்துக் கழியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பனைகளைத் தொடுவதே இல்லை.

பதநீர் இறங்கும் பருவம் இதுதான். பாளை சீவிக் கலயம் கட்டியதும் இரவில் மரநாய் ஏறி வந்துவிடும். பூனையை விடச் சற்று நீளமான உடல், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நீண்ட வால். கலயத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போகும். பனையேறும் பெரியவர் ஒருவரிடம், "இதனால் நட்டம் இல்லையா ஐயா?" என்று கேட்டேன். "அதுவும் பனையை நம்பித்தானே இருக்கிறது தம்பி" என்றார். அவர் பிழைப்பே அந்தக் கலயத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் எடை தெரியும்.

தூக்கணாங்குருவிக் கூடுகள் காலியாக இருக்கின்றனவே, ஏன்?

அவை மழையை ஒட்டிக் கூடு கட்டும் பறவைகள். பங்குனியில் தொங்குபவை போன பருவத்துக் கூடுகள். அழகுக்காகப் பறித்து வீட்டில் மாட்ட வேண்டாம். அவற்றில் சில்லைக் குருவிகள் வந்து தங்குவதுண்டு.

வீட்டு வேலைக்குக் கொட்டிய மணலில் ஒரு பச்சைக் குருவி துளை போடுகிறது. என்ன செய்வது?

அது பச்சைப் பஞ்சுருட்டான். நெற்றியில் செம்மை, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, வாலின் நடுவில் இரண்டு கம்பிகள் நீண்டிருக்கும். மண்ணில் வளை தோண்டி, அதன் கோடியில் முட்டையிடும். வளை ஓர் ஆள் கை நீளத்தையும் தாண்டிப் போகும். மாசி முதல் வைகாசி வரை அதன் பருவம். ஆற்றங்கரையோ மண்சரிவோ இல்லாத நம் தட்டை நிலத்தில், மனிதர்கள் குவித்த மணலே அதற்குக் கரை.

எங்களுக்கும் இது நடந்தது. பின்கட்டு அறை கட்ட இரண்டு லோடு மணல் அடித்தோம். கொத்தனார் வர ஒரு வாரம் தாமதமாயிற்று. அதற்குள் மூன்று வளைகள். கொத்தனாரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு அவரே நாலு கம்பு நட்டு, சாக்கைக் கட்டி, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து மணல் அள்ளினார். முட்டையிட்டது முதல் குஞ்சு வெளிவரும் வரை ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஒரு நாள் காலை மின்கம்பியில் ஒன்பது பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஐந்துக்கு வால்கம்பி இன்னும் முளைக்கவில்லை. அறைக்குப் பூச்சு வேலை சித்திரையில்தான் முடிந்தது. அந்தத் தாமதத்துக்காக வீட்டில் ஒருவரும் வருத்தப்படவில்லை.

பறவைகளுக்குத் தண்ணீர் எப்படி வைப்பது?

இந்தக் கடற்கரையில் இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. பல கிணறுகளில் உப்புநீர்தான். பங்குனிக்குப் பிறகு ஊரணிகளும் வற்றத் தொடங்கும். குடிக்கத் தகுந்த நன்னீரையே வையுங்கள். வாய் அகன்ற மண்சட்டி நல்லது. ஆழம் இரண்டு அங்குலம் போதும். ஆழமான பாத்திரத்தில் அணிலும் குருவியும் விழுந்து சாகின்றன. உள்ளே ஒரு கூழாங்கல்லோ ஓட்டுத்துண்டோ போட்டால் தேனீயும் அதில் நின்று குடிக்கும். அரைநிழலில், பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், ஒன்றைத் தரையிலும் ஒன்றைத் தலை உயரத்திலும் வையுங்கள். கௌதாரியும் புறாவும் தரைக்கு வரும், தேன்சிட்டும் சின்னானும் மேலே வரும். தினமும் காலையில் கொட்டிவிட்டுத் தேய்த்து நிரப்ப வேண்டும். தேங்கவிட்டால் கொசுதான் பெருகும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை தொடங்கினால் கோடை முடியும் வரை நிறுத்தாதீர்கள். அந்தச் சட்டியை நம்பிப் பக்கத்தில் கூடு வைத்திருப்பவை ஏமாந்துபோகும்.

சோறும் மிக்சரும் வைக்க வேண்டாம். கம்பு, தினை, நொய்யரிசி கொஞ்சமாக வைக்கலாம். ஆனால் ஆவாரையும் தும்பையும் இருக்கும் முற்றத்தில் பூச்சிகள் இருக்கும். குஞ்சுகளுக்குத் தானியத்தை விடப் பூச்சிதான் தேவை.

முருங்கையில் தேனெடுக்கும் கருநீலக் குருவி, சில மாதம் காணாமல் போய்விடுகிறதே?

போகவில்லை, சட்டையை மாற்றிக்கொள்கிறது. ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்க காலத்தில் மட்டும் அந்த மின்னும் கருநீலத்தில் இருக்கும். பருவம் முடிந்ததும் பெண்ணைப் போல மங்கிய நிறமாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். கூட்டைக் கட்டுவது பெண். காய்ந்த புல், பட்டைத் துணுக்கு, சிலந்தி நூல் எல்லாம் சேர்த்துத் தொங்கவிடும் அந்தப் பையைத் துணிக் கொடியிலும் மின்விளக்குக் கம்பியிலும்கூடப் பார்க்கலாம். அப்படி இருந்தால் அந்தக் கொடியில் சில வாரம் துணி காயப்போடாதீர்கள்.

குயில் கூவினால் மழை வருமா?

குயில் மழைக்குக் கூவுவதில்லை, துணைக்குக் கூவுகிறது. பங்குனியில் விடியுமுன் தொடங்கும் "கூ-ஊ" கறுப்பு ஆணின் குரல். புள்ளி போட்ட பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடக் காத்திருக்கும். காக்கைகள் சுள்ளி பொறுக்கும் நாள்களில் வேப்பமரத்தைக் கவனியுங்கள், இந்தத் துரத்தல் நாடகம் முழுவதும் கண்முன் நடக்கும்.

வேப்பம்பூ சேகரித்தால் மரத்துக்குக் கெடுதலா?

கிளையை ஒடித்துப் பறித்தால் கெடுதல். இரவில் மரத்தடியில் பனையோலைப் பாயோ வெள்ளை வேட்டியோ விரித்து வையுங்கள். விடியும்போது உதிர்ந்த பூ பாய் நிறையக் கிடக்கும். நிழலில் உலர்த்தினால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், பிறகு ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் ஆகும். அந்த விடிகாலை வாசனைக்காக நான் பாயை எடுக்க வேண்டுமென்றே தாமதிப்பதுண்டு.

கடற்கரை மணலில் பூப்பவை எவை?

முதலில் அடம்பு. ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலை, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூ. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் சொன்ன அடும்பு இதுவே. ஈராயிரம் ஆண்டுகளாக இதே கரையில் பூத்துக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறினால் பூ வாடிவிடும், காலையிலேயே போக வேண்டும். கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கிறது. அதன் பக்கத்தில் ஊசி போன்ற இலைகளோடு உருண்டை உருண்டையாகக் கிடப்பது இராவணன் மீசை. காய்ந்த உருண்டை காற்றில் உருண்டோடி விதை பரப்பும். பிள்ளைகள் அதைத் துரத்தி ஓடுவது எங்கள் ஊர் விளையாட்டு. இந்த இரண்டும் இருக்கும் இடத்தில் மணல்மேடு நிற்கும். டிராக்டர் ஏற்றி இவற்றை அழித்த இடங்களில் மணல் வீட்டு வாசலுக்கே வருகிறது.

உப்பளத்து ஓரங்களில் உமரிச் செடி கோடை ஏற ஏறச் சிவக்கும். பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நிறம் தண்டில்தான். தாழை கிடைத்தால் முள்ளைப் பார்த்து அணுகுங்கள்.

எருக்கில் இருக்கும் வரிவரிப் புழுவுக்கு மருந்து அடிக்கலாமா?

கூடாது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகளோடு இருக்கும் அந்தப் புழுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியாகிறது. எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்பதைத் தவிர்க்கின்றன. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது; தொடாமல் தினமும் ஒரே இலையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் கடிக்கும் புழுக்களும் இப்படித்தான். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும். குழம்புக்கு வேண்டிய இலை எப்படியும் மிஞ்சும்.

ஓணான் தலை ஏன் சிவக்கிறது? ரத்தம் குடிக்கிறதா?

இல்லவே இல்லை. அது எறும்பும் வண்டும் தின்பது. வெயில் காலம் தொடங்கி இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவந்து, தொண்டையில் கரும்பொட்டு விழும். வேலிக்கம்பில் ஏறித் தண்டால் எடுப்பது, "இது என் எல்லை" என்று மற்ற ஆண்களுக்குச் சொல்வது. இந்த ஒரு மூடநம்பிக்கையால் கல்லடி பட்டுச் சாகும் ஓணான்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் கல் இருந்தால் இன்றே வாங்கிப் போட்டுவிடுங்கள்.

பாம்பு பயம்தான் எங்களைத் தடுக்கிறது. செடி விட்டால் பாம்பு வராதா?

பயம் நியாயமானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இங்கே உண்டு. மணற்பாங்கான வறண்ட நிலத்தில் சுருட்டையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சிறியது, மண் நிறம்; உடலைச் சுருட்டிச் செதிலோடு செதில் உரசி மரம் அறுப்பதுபோல் ஒலி எழுப்பும்.

பாம்பு பூவுக்கு வருவதில்லை; எலிக்கும் தவளைக்கும், ஒளிய இடத்துக்கும் வருகிறது. ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து ஆறேழு அடிக்குத் தரை தெரிய வெட்டவெளியாக வையுங்கள். செடியும் கொடியும் அதற்கு அப்பால் இருக்கட்டும். ஓலை, மட்டை, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலை வீட்டோடு சேர்த்து அடுக்காதீர்கள். இரவில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்கோ கொசுவலைக்கோ மாறுவது கட்டுவிரியனிடமிருந்து காக்கும்.

கடித்துவிட்டால்: கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பச்சிலைக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108 அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம்.

சாரைப்பாம்பைக் கண்டால் விட்டுவிடுங்கள். நஞ்சில்லாதது, உங்கள் வீட்டு எலிகளைத் தீர்ப்பது அதுதான்.

மயில் மிளகாயை அழிக்கிறதே, அதையும் ரசிக்கச் சொல்கிறீர்களா?

விவசாயியிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முண்டு மிளகாய் பழுத்துக் களத்தில் காயும் மாதங்களும் மயில் தோகை விரிக்கத் தொடங்கும் மாதங்களும் ஒன்றோடொன்று வந்து சேர்கின்றன. நட்டம் உண்மை. ஆனால் தானியத்தில் மருந்து கலந்து வைப்பது குற்றம். மயிலோடு கௌதாரியும் காக்கையும் வீட்டு நாயும் சேர்ந்து சாகும். களத்தின் மேல் வலை, ஓரத்தில் மின்னும் நாடா, விடிகாலையில் ஆள் நடமாட்டம் இவை ஓரளவு உதவுகின்றன.

கண்மாய்ப் பறவைகளைப் பார்க்க எங்கே, எப்போது போவது?

ராமநாதபுரம் நகரை ஒட்டியே சக்கரக்கோட்டை இருக்கிறது. நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல், முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், சாயல்குடி பக்கம் மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். பாசனத்துக்காக வெட்டிய கண்மாய்கள் உலகப் புகழ்பெற்ற ஈரநிலங்களோடு ஒரே பட்டியலில் நிற்கின்றன. தண்ணீர் இல்லாத காடு என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் சங்குவளை நாரை, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கொக்குகள் எல்லாம் கூடு வைக்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தை, மாசி மிகச் சிறந்தது. குஞ்சுகள் பெரிதாகித் தாய்க்கு இணையாகக் கத்தும். பங்குனியில் நீர் வற்றும்போது மீன் ஒரே பள்ளத்தில் ஒதுங்குவதால் அங்கே பறவைகள் கூடும்; அதோடு கலைந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் போய் ஏமாறாதீர்கள், முன்கூட்டியே பக்கத்து ஊர்க்காரர்களிடம் நீர் இருக்கிறதா என்று கேளுங்கள். கரையிலேயே நில்லுங்கள். உள்ளே இறங்கினால் பெரிய பறவைகள் எழும்பும், அந்த இடைவெளியில் காக்கை முட்டையைக் கொத்தும்.

பூநாரைகள்?

தனுஷ்கோடி சாலையில், கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில், தை முதல் பங்குனி வரை. 2025-இல் தனுஷ்கோடியில் பெரும் பூநாரை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அவற்றின் இளஞ்சிவப்பு பிறவி நிறம் அன்று, தின்னும் பாசியிலும் சிற்றுயிரிகளிலும் இருந்து வருவது. அதனால் இளம் பறவைகள் சாம்பலாக இருக்கும். தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அரித்துத் தின்னும் நேரத்தில் அவற்றைத் துரத்திப் பறக்கவைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடும்பயணத்துக்குச் சேர்த்துவைக்கும் கொழுப்பை அந்தப் படத்துக்காகச் செலவழிக்க வைக்கிறோம். ட்ரோனும் வேண்டாம்.

இரவில் கரையில் ஆமை ஏறினால் என்ன செய்வது?

மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்றே சொல்கிறார்கள், ஆலிவ் ரிட்லி. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மணலை மூடித் தன் உடலாலேயே தட்டி அமுக்கிவிட்டுத் திரும்பும். டார்ச்சை அணையுங்கள். பின்னால், தள்ளி, பேசாமல் நில்லுங்கள். முன்னால் போய் நின்றால் முட்டையிடாமலே திரும்பிவிடும். தடம் எங்கே இருக்கிறது என்று வனத்துறைக்குச் சொன்னால், நாயும் நரியும் தோண்டுமுன் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். தனுஷ்கோடிப் பக்கத்தில் ஆண்டுதோறும் இது நடக்கிறது. ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வரும். குஞ்சு கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓடுவது. கரையோர வீட்டின் வெள்ளை விளக்கு அதைத் திசை திருப்பி மணலிலேயே சாகடிக்கும். கடலைப் பார்த்த விளக்குகளை மாசி முதல் வைகாசி வரை இரவில் அணைத்துவையுங்கள், அல்லது தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போடுங்கள்.

கடலாமை முட்டையை எடுப்பதும் தின்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெட்டவெளியில் நடக்கும்போது ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஏன்?

ஆள்காட்டி. அதன் முட்டை உங்கள் காலடிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. கூடு என்று எதுவும் இராது: தரையில் சிறு பள்ளம், சுற்றி நாலு கல், மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி. தேடாதீர்கள், தேடினால் மிதிப்பீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள். முப்பது நாற்பது அடி தள்ளி உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் கத்தல் நின்று, பறவை இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, சில அடி நடந்து, நின்று, மறுபடி நடந்து, முட்டைமேல் மெல்ல உட்காரும். அதன்பிறகு எங்கே கூடு என்பது உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.